நினைவாக வந்த கதிரைகள்

நீங்கள் இருக்கிற கதிரையின் இடது பின்கால் ஆடுகிறது, சேர். ஒரு வாசர் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து வருடப் பழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் வினோதன். கனகராயன்குளத்துக்கு உள்ளே வீடு. எங்கள் ஆட்கள் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கிற ஒரு தர்ம நிலையத்தில் கதிரைகளைப் பராமரிப்பது என் வேலை. அவை சாதாரணக் கதிரைகள் அல்ல. நோயாளி கிழமைக்கு மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம் அதில் இருக்கவேண்டும். இடையில் இரத்தப் பிறசர் விழுந்து மயக்கம் வரும். தாதி கைப்பிடியை இழுத்தால் தலை கீழே போய்க் கால் மேலே வரவேண்டும், அதுவும் உடனே. வராவிட்டால் இதயம் பலவீனமான ஆட்கள் தாங்கமாட்டார்கள். கைப்பிடி இழுத்தால் கதிரை சாய்வதும் சாயாததும் அடியில் இருக்கிற விரல் நீள இரும்பு ஆணி ஒன்றில்தான்.

எங்களிடம் மெஷின் எட்டு இருந்தது, கதிரை நாலுதான். மெஷினைத் தந்த புண்ணியவான்கள் கதிரையை மறந்துவிட்டார்கள். மிச்ச நாலு மெஷினும் பொலித்தீன் சுற்றியபடி ஸ்டோரில் கிடந்தன. பொறுப்பாளர் ஜெயந்தன் கொழும்பில் கடிதம் போடாத கம்பனி இல்லை. கடைசியில் ஒருவர் வந்தார். இந்தப் பக்கத்தில் வருடத்துக்கு எத்தனை கதிரை விற்கும் என்று கேட்டார். வன்னியில் இதற்குச் சந்தை இல்லை என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் இருந்த இடத்துக்கு மேலேதான் காத்திருப்போர் பட்டியல் தொங்கியது. பத்தொன்பது பேர். பதினோராவது பெயர் தனுஷா, என் மனைவி.

இடம் கிடைக்கிற நாளில் அவளை வேறு மாவட்டத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். கிழமையில் ஒருதரம் கிடைக்கும். சில கிழமை அதுவும் இல்லை. கால் வீங்கி, தன் செருப்பு கொள்ளாமல் என்னுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள். பகல் முழுக்க மற்றவர்களுக்குக் கதிரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்தக் காலைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிக்கும். அதை மறைக்க விருப்பமில்லை.

முதலில் போனவர் தில்லைநாதன் ஐயா, துணுக்காயில் வயல் செய்தவர். அதில் என் கை இல்லை. ஆணி தேய்ந்து தானாக உடைந்தது, கதிரை சாயவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, கனடாவிலிருக்கிற மகன் ஒரு புதுக் கதிரையை அனுப்பினார். அதன் முதுகில் பித்தளைத் தகடு: அமரர் தில்லைநாதன் நினைவாக. எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். ஒரு மெஷின் ஸ்டோரைவிட்டு வெளியே வந்தது. ஒரு கதிரை என்றால் ஆறு நோயாளிகள். ஐயாவின் இடமும் சேர்த்து ஏழு பேருக்கு வழி பிறந்தது. தனுஷா நாலாவது ஆளாக வந்தாள்.

நான் யோசித்தேன். எங்கள் நோயாளிகள் வீட்டிலும்தான் சாகிறார்கள். அப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் சிறுவர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுப்பார்கள், பள்ளிக்கூடப் பை கொடுப்பார்கள். கதிரையை ஒருவரும் நினைப்பதில்லை. உயிர் கதிரையில் போனால்தான் கதிரை வரும். உயிர் போன இடத்துக்கு ஒன்று செய்யவேண்டும் என்பது எங்கள் சனத்தின் மனது. அதை நான் உண்டாக்கவில்லை.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் பிள்ளைகள் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினேன். அவர்களுக்கும் அது சந்தோஷம். மல்லாவியிலிருந்து வருகிற கமலாசனி அன்ரி பிரான்சிலுள்ள மகனைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொன்னா. எனக்கென்று பனங்காய்ப் பணியாரம் கொண்டுவருவா. நல்ல மனுஷி. அவாவில் எனக்கு உண்மையான பட்சம் இருந்தது.

கோயில் பொங்கலுக்கு அடுத்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். திருவிழா நாளில் எல்லோரும் கட்டுப்பாட்டை விட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். மறுநாள் மெஷினில் அந்த நீரை அதிகமாக எடுக்கவேண்டிவரும், பிறசர் விழும். காலையில் அன்ரியின் கதிரை ஆணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். தாதி சாரங்கா கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தா. நானும் ஓடிப்போய்ச் சேர்ந்து இழுத்தேன். பின்னேரம் கதிரையைக் கழுவும்போது ஆணியைத் திருப்பிப் போட்டேன்.

பிரான்சிலிருந்து வந்த கதிரை மிகவும் நல்லது, கை வைக்கிற இடத்துக்கும் மெத்தை. தனுஷா முதல் நாள் இருந்தது அதில்தான். இருந்த கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டாள். அவள் அப்படித் தூங்கி எவ்வளவு காலம். நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சுயநலக்காரன் என்றால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதுங்கள். என் மனைவிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களோடு பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு கதிரை வந்ததைக் கேள்விப்பட்டு அந்தக் கம்பனிக்காரரும் தானாகவே போன் எடுத்தார், வன்னியில் இப்போது சந்தை வந்திருக்கிறதாம்.

சாரங்காவுக்கு என்மேல் ஒரு கண் விழுந்திருந்தது. ஒருநாள் கேட்டா:

"அண்ணை, நீங்கள் ஏன் வாற ஆக்கள் எல்லாரிட்டையும் பிள்ளையள் எங்கை எண்டு கேக்கிறியள்?"

"சும்மா ஒரு கதைக்குத்தான் பிள்ளை," என்றேன்.

மறுநாளிலிருந்து அவா காலையில் ஒவ்வொரு கைப்பிடியாக இழுத்துச் சரிபார்த்தா. ஆகவே, அவா பார்த்து முடித்த பிறகுதான் நான் ஆணியைக் கழற்றவேண்டியிருந்தது. கதிர்காமநாதன் மாஸ்ரர் அப்படித்தான் போனார். மகன் நோர்வேயில்.

அவருடைய விஷயத்தில் ஒரு பிழை நடந்தது. மகன் கதிரையை அனுப்பவில்லை, தானே வந்தார். அப்பாவின் உயிர் போன கதிரைக்குப் பூப் போடவேண்டும் என்றார். அன்றிலிருந்து ஒருவரும் தொடாமல் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கதிரைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, எழும்பும்போது கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். சத்தமில்லாமல் தலை கீழே போய்க் கால் மேலே வந்தது. பூ நிலத்தில் கொட்டுப்பட்டது.

சாரங்கா வாசலில் நின்றா. என் சட்டைப் பையைப் பார்த்தா. அதில் விரல் நீளத்துக்குக் கிறீஸ் கறை இருந்தது. எத்தனை தரம் தோய்த்தும் போகாத கறை.

"அண்டைக்கு இது அசையேல்லை," என்றா. பிறகு மெல்லக் கேட்டா: "ஆணியை எப்ப திருப்பிப் போட்டனீங்கள்?"

"கழுவேக்கை," என்றேன். கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

கமலாசனி அன்ரியையும் கதிர்காமநாதன் மாஸ்ரரையும் நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு உதவி மட்டும் வேண்டும் சேர். தனுஷா நேற்று இந்தப் பொலிஸ் வாசலுக்கு வந்தாள். என்னுடைய செருப்பைத்தான் போட்டிருந்தாள். ஒன்பது நாளாக நிலையத்துக்குப் போகவில்லையாம். இன்னும் சில நாள் போகாவிட்டால் தப்பமாட்டாள். போ என்று கெஞ்சினேன்.

"நீங்கள் தொட்ட கதிரையில நான் இனி இருக்கமாட்டன்," என்றாள். "எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள் பயப்படுவதுதான் எனக்கு விளங்கவில்லை. அவள் உங்களை நம்புவாள், நீங்கள் ஒருக்கால் எடுத்துச் சொல்லுங்கள். எங்களுக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. அவள் செத்தால் ஒரு கதிரையும் வராது. பிறகு எதற்காக நான் அவளை ஏதும் செய்யப்போகிறேன்.