கண்ணாடியில் உடுத்திய கோடி

மணி ஏழு இருக்கும். நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே இறங்குகிற பாதை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... பனி மட்டும்.

ஜீப்பில் தனியாக வந்தவன் அசோக்குமார். என் சிநேகிதன் தமிழ்மணிக்கு அத்தை மகன், படவேட்டுக்காரன். மலை ஊர்களுக்குப் புடவை கொண்டுபோய் விற்பவன். வாயாலேயே பந்தல் போடுகிற ஆள்.

ஜீப்பின் பின்கதவில் ஒரு கண்ணாடித் திரை மாட்டியிருந்தான். வெறும் கண்ணாடி மாதிரி, உள்ளே அடுக்கிய புடவையெல்லாம் தெரியும். சுவிட்சைப் போட்டால் அதே கண்ணாடியில் படமும் வரும். எதிரே நிற்கிற பெண் எந்தப் புடவையைக் கேட்கிறாளோ, அதைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் அவளையே காட்டும். ஆள் வரமுடியாவிட்டால் போட்டோ போதும். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

அன்று மத்தியானம் முனியன் என்கிற மலைக்காரர் வந்தார். கண் சிவந்திருந்தது. அக்கா அம்மாக்கண்ணு செத்துப்போய்விட்டாள், பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். கோடிச் சேலையைப் பொறுக்கி எடுக்கக் கூடாது அங்கே. கைக்கு முதலில் வந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். அசோக்குமாருக்கும் இது தெரியும். வாய் சும்மா இருந்தால்தானே.

"போட்டோ இருந்தா குடுங்க. அக்காவுக்கு எது எடுப்பா இருக்குதுன்னு நீங்களே பாத்துட்டு சொல்லுங்க."

"செத்தவளுக்கு இன்னாங்க எடுப்பு" என்றார் முனியன்.

இவன் விடவில்லை. போனை வாங்கி, செத்தவளுக்கு வரிசையாகப் பத்துப் பட்டுப்புடவை கட்டிக் காட்டினான். பத்திலும் அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். முனியன் வாங்கிப் போனது ஒரு மஞ்சள் நூல் சேலை. பசித்தவளுக்கு விருந்தைக் காட்டிவிட்டுக் கஞ்சி ஊற்றி அனுப்பியிருக்கிறான், பாவி.

அந்தப் பாதையில் ஏழு மணிக்கு... டிக். சுவிட்ச் போட்ட சத்தம்.

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது. பின்கதவில் அம்மாக்கண்ணு. இப்போது சிரிக்கவில்லை.

வண்டியை நிறுத்தி இறங்கினான். திரையின் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். படம் போகவில்லை. அரைத்த மஞ்சள் வாசனை வந்தது. சர்... சர்... என்று பட்டு உரசுகிற சத்தம். அவள் உடம்பில் புடவை மாறிக்கொண்டே இருந்தது. பச்சை... நீலம்... கத்தரிப்பூ... அவளுக்கு ஊடே உள்ளே அடுக்கிய புடவையும் தெரிந்தது. பத்தும் முடிந்து பதினோராவது வந்தது. அரக்குச் சிவப்பு.

அது சீட்டுக்கு அடியில் காகிதம் சுற்றி வைத்திருந்த புடவை. மறுநாள் அவன் பெண்டாட்டி சசிகலாவுக்கு வளைகாப்பு. அந்தப் புடவையை அவன் திரையில் ஏற்றவே இல்லை.

"அது... என் பொண்டாட்டிக்கு எடுத்து வச்சதும்மா" என்றான்.

படம் மாறியது. இப்போது நின்றது சசிகலா. ஏழு மாத வயிறு. உடம்பில் மஞ்சள் நூல் சேலை. கண் மூடியிருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு.

எப்படி வண்டியைத் திருப்பினான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. மலை இடுகாட்டில் அம்மாக்கண்ணுவைப் புதைத்த புது மண்மேட்டின் மேல் அந்தச் சிவப்புப் புடவையை வைத்தான்.

"எடுத்துக்கோம்மா. அவள வுட்டுடு."

திரை அணைந்தது. வாசனையும் போனது. உயிர் வந்தது அவனுக்கு. வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான்.

படவேட்டில் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் சசிகலா நின்றாள். கண் திறந்திருந்தது. நெற்றியில் பொட்டுதான், காசு இல்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். கை சில்லென்று இருந்தது. அப்போதுதான் அவள் கட்டியிருந்ததைப் பார்த்தான். மஞ்சள் நூல் சேலை... ஓரமெல்லாம் ஈர மண்.

"இன்னாங்க இவ்ளோ நேரம்?" என்றாள் அவள். "ஒரு அம்மா வந்துச்சு. நீங்க அதுக்கு வேற பொடவ மாத்திக் குடுத்துட்டீங்களாமே... இத திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு. சும்மா கட்டிப் பாத்தேன். அளவாத்தான் இருக்குது. அவுக்கத்தான் வரமாட்டேங்குது."