வரன் பக்கத்திலிருந்து நீக்கம்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ். காவிரிப் பாலத்தில் காற்று டிக்கெட் எடுக்காமல் ஏறி உலாத்திக்கொண்டிருந்தது. முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னார்:

"நெட்டுல என் பேரைத் தேடினா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலடி."

"உன் பையன் காலேஜ் போறான்."

"அப்பா அந்தக் காலத்துல வரன் பார்க்க எங்க ஜாதிச் சங்கத்துல குடுத்த ஜாதகம். பழசையெல்லாம் இப்ப வெப்சைட்ல ஏத்திட்டாங்க, மெம்பர் லிஸ்ட்ல இருக்கற என் இப்போதைய போன் நம்பரோட. நேத்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் கூப்பிட்டார். எடுத்தது என் மாமியார்."

"எடுத்துடச் சொல்லி எழுதிக் குடேன்."

"குடுத்தேன். பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். 'இவர் நீக்கப்பட்டார்'னு அந்த லெட்டரையே ஸ்கேன் பண்ணி அதே பக்கத்துல போட்டுட்டாங்க. இப்பத் தேடினா வீட்டு அட்ரஸும் வருது."

"லெட்டரையும் எடுக்கச் சொல்லு."

"சொன்னேன். கேக்கறது நான்தான்னு தெரியணுமாம், ஆதார் ஜெராக்ஸ் வேணுமாம். இப்பதான் குடுத்துட்டு வரேன்."

தோழி ஆறுதலாகச் சொன்னார்:

"விடு. ஆதார்ல இருக்கற உன் போட்டோவைப் பார்த்தா இனிமே எவனும் கூப்பிட மாட்டான்."