பாப்பாவின் சாடை

“ஏனுங்க, என்ற தலையில ஓடுற அலையும் பாப்பாவோடதும் ஒரே மாதிரியாமா. எனக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லீங்களே.”

பொள்ளாச்சி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவள், பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னாள். மடியில் ஐந்து வயது மகள் தூங்கினாள். மூளை அலை பார்க்கத் தடவிய பசை இருவர் முடியிலும் காய்ந்திருந்தது.

“அப்படியும் இருக்கும்னுதான் டாக்டர் சொன்னாரே, அம்மணி.”

“மூக்கு உங்களுது, நடை உங்கம்மாவோடது. என்ற சாடையில ஒண்ணாச்சும் இருக்கோணும்னு எத்தனை ஏங்கியிருப்பேன்! கடைசில இந்த வலிப்பைத்தான் குடுத்தனுங்களா?”

கிணத்துக்கடவு தாண்டும்போது அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

“தூங்கறப்ப உன்னையாட்டவே வாயைத் தொறந்து வெச்சுக்கறா. சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னு இத்தனை நாளாச் சொல்லலை.”

அவள் குனிந்து மகளைப் பார்த்தாள். இறங்குவதற்கு அவர் பையோடு எழுந்த பிறகும் நிமிரவில்லை.