என் பந்தும் அங்கே போகும்

கோல்ஃப் பந்தைத் தூரம் அடிக்கப் பெரிய உடல்பலம் தேவையில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்கு இது விளங்கியது. பிடியை இறுக்கினால் கை விறைத்துவிடும், மட்டையின் வேகம் பாதியிலேயே செத்துவிடும். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். தோளும் கையும் அதன் பின்னால் இழுபட்டு வந்தால் போதும். இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்டது கோணாமலை செத்த விதத்தை என்று தெரியும். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலைகளில் நானும் ஸப்வானும் விளையாடுவோம். கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர், நல்ல மனிதர். மைதானத்தின் ஒரு மூலையில் பந்தைக் குடாவுக்குக் குறுக்கே அடித்து அக்கரையில் விழுத்த வேண்டும். நடுவில் ஒரு மணல்திட்டு, பக்கத்தில் பாறை. சல்லிக் கிராமத்துக் கோணாமலை அந்தத் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணலை என்கிற மீனுக்கு வலை வீசுவார்.

அவருக்கும் விளையாடுகிறவர்களுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. அடிக்குமுன் நாங்கள் குரல் கொடுப்போம். அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய் நிற்பார். பந்து கடந்ததும் திரும்பி வருவார். ஸப்வான் குரல் கொடுத்தால் உடனே போய்விடுவார். நான் குரல் கொடுத்தால் திரும்பியும் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தன் பாட்டில் வலை வீசுவார். ஒருநாள் ஏன் விலகவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் அடியுங்கோ ஐயா. உங்கட பந்து இஞ்ச வராது,” என்றார்.

அதில் நக்கல் இல்லை. உண்மைதான், என் பந்துகள் எல்லாம் அவருக்கு முன்னாலேயே தண்ணீரில் விழும். ஸப்வான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து பழகினேன். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வீசினால் காற்றில் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தோளுக்குப் பின்னால் கேட்டால் வேகம் வீணாகிறது என்று அர்த்தம். பந்து இருக்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். உப்புவெளி வீட்டு முற்றத்தில் பின்னேரங்களில் வீசி வீசி அந்தச் சத்தத்தை முன்னால் கொண்டுவந்தேன். என் இரத்தத்தில் உள்ள சீனி வருத்தத்துக்கு நல்லது என்று என் மனைவி யசோதரா சந்தோஷப்பட்டாள். பிறகு, கோணாமலை வலையோடு வீட்டுக்குப் போன ஒரு மத்தியானம், தனியாகப் போய் அடித்துப் பார்த்தேன். பந்து திட்டைத் தாண்டிப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. ஸப்வானோடு விளையாடும்போது பழையபடி பிடியை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுத்தினேன்.

அந்தச் சனிக்கிழமை ஸப்வான் முதலில் அடித்தார். கோணாமலை பாறைக்குப் பின்னால் விலகிப்போயிருந்தார். அடித்த கையோடு ஸப்வானுக்குத் தொலைபேசி வந்தது, அந்தப் பக்கம் திரும்பிக் கதைத்துக்கொண்டிருந்தார். கோணாமலை திட்டுக்குத் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பந்தை வைத்தேன். குரல் கொடுத்தேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒழுங்கை மீறவில்லை. கோணாமலை கையைத் தூக்கினார். நான் பாதத்தைச் சற்று இடப்பக்கம் மாற்றி வைத்தேன், அவருடைய பிடரிக்கு நேராக. பிடியைத் தளர்த்தினேன். இடுப்பு முதலில் திரும்பியது. பந்து எங்கும் வளையாமல் போனது. தூக்கிய கை இறங்குமுன் அவர் விழுந்தார்.

ஸப்வான் உடுத்த உடுப்போடு தண்ணீரில் பாய்ந்து அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார். உயிர் இல்லை. தன் பந்துதான் பாறையில் பட்டுத் திரும்பி வந்திருக்கும் என்று ஸப்வான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உங்களிடமும் அவர் அப்படியே சொல்லி ஒப்புக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். நான் பேசாமல் இருந்தேன். இருந்திருப்பேன், இன்று செத்த வீட்டுக்குப் போயிராவிட்டால்.

அங்கே கோணாமலையின் மனைவி வள்ளியம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான்தான் ஆறுதல் சொல்லப் போயிருந்தேன். அவள் எனக்குச் சொன்னாள்.

“நீங்கள் மனசுக்க ஒண்டும் வச்சிருக்காதேங்கோ ஐயா. உங்கட பந்து அவ்வளவு தூரம் வராதெண்டு அவர் வீட்டிலயும் சொல்லுறவர்.”

சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நேரே இங்கே வந்துவிட்டேன். ஒரு குற்றமும் செய்யாத ஸப்வான் மறியல் கம்பிக்குப் பின்னால் கிடக்கக் கூடாது, அதற்காகத்தான் வந்தேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். வயதான மனுஷன், நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நினைக்கிறீர்கள். பரவாயில்லை. காலையில் குடாவுக்குப் போவோம். என் மட்டையைத் தாருங்கள். கோணாமலை நின்ற இடத்தில் ஆள் ஒருவரை நிறுத்துங்கள்.