பச்சை கிடக்கா?

தொப்பி வச்ச வெள்ளைக்காரத் துரை மலைக்கு ரோடு வெட்டாத காலம். மலையடிவாரத்துல கல்லூத்துப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல. ஒத்தைப் பிள்ளை மாயக்கா, பால்பல்லு விழாத வயசு.

அந்தப் பிள்ளைக்குக் காக்காவலிப்பு. திங்கையில வரும், சிரிக்கையில வரும். கண்ணு மேல சொருகும், கைகாலு வெட்டி இழுக்கும். ஊரே ஓடியாந்து கையில சாவியைத் திணிக்கும். சாவி இருக்கும். இழுப்பும் இருக்கும்.

பேயோட்டக் கோடாங்கி வந்தான். உடுக்கையை உருட்டிக் கண்ணை உருட்டி, "யாஆரு நீ? எந்தக் கரையில பிடிச்சே? போறியா... இல்லையாஆ?"

பிள்ளை முழிச்சுப் பாத்துச்சாம். "நான் மாயக்கா. எனக்குத் தூக்கம் வருது, மாமா."

கூட்டம் சிரிச்சுச்சு. சிலம்பாயி சிரிக்கல.

அந்த வழியா மலைக்கோயிலுக்குப் போன பண்டாரம் ஒருத்தரு தண்ணி கேட்டு வந்தாராம். பிள்ளை இழுத்ததைப் பாத்தாரு. மடியிலருந்து ஒரு கொத்து இலையை எடுத்து நீட்டி, இருமி இருமிச் சொன்னாரு: "ஆத்தா... க்கும்... இந்த இலையை நெய்யில காய்ச்சி வடிகட்டி, பாலாடை நுனியில தொட்டு நாக்குல தடவு. கூடக் குடுத்துராத. ஒருநாளும் விட்டுராத."

"இது கஞ்சால்ல சாமி?"

"ஆமாத்தா. நான் இழுக்குறதுதான். எங்க மடத்துல ஒரு பயலுக்கு இதுலதான் மட்டுப்பட்டுச்சு."

சிலம்பாயி அப்படியே காய்ச்சித் தடவுனா. நின்னுருச்சான்னா, நிக்கல. நாள் முழுக்க வந்தது வாரத்துக்கு ஒருக்கா, சந்தைக்குச் சந்தை வந்துச்சு. பிள்ளை ஆட்டுக்குட்டிக்குப் பேரு வச்சுச்சு. பாட்டுக்கூடப் படிச்சுச்சாம்.

பண்டாரம் குடுத்த விதையை அவரைப் பந்தலுக்குப் பின்னால ஊனி வச்சா சிலம்பாயி. சர்க்காரு சீட்டு இல்லாம வச்சா விலங்கு. ஊருக்கே தெரியும். "என்னடி, பிள்ளையைப் பண்டாரமாக்கி மலையேத்தப் போறியா?"ன்னு கேலி பேசுவாக. ஆனா ஒரு வாயி வெளியில சொல்லல.

பூக்குழித் திருவிழா வந்துச்சு. விறகு அடுக்கியாச்சு, இன்னும் நெருப்பு மூட்டல. அன்னைக்குச் சிலம்பாயி மாயக்காளை இடுப்புல வச்சுக்கிட்டு ஊத்துக்குத் தண்ணிக்குப் போனா. அந்த நேரம் மேற்கால இருந்து ஒரு சத்தம்: "போலீசு டாணாக்காரன் வாரான்! சிலம்பாயி வீடு எதுன்னு கேக்குறான்!"

நாத்தனா பேச்சிக்கு உசிரு பதறிருச்சு. ஓடுனா, பச்சைச் செடியெல்லாம் வேரோட பிடுங்குனா. நெய்ச் சட்டியையும் தூக்குனா. ஊரே கை குடுத்துச்சு. கொண்டுபோயிப் பூக்குழி விறகுக்குள்ள போட்டு நெருப்பு வச்சாக. குப்புன்னு எரிஞ்சுச்சாம்.

குடத்தோட வந்த சிலம்பாயியைப் பேச்சி கட்டிக்கிட்டா. "மதினி, ஒரு தூசி இல்ல! ஒன்னைக் காப்பாத்திட்டோம்!"

சிலம்பாயி பந்தலைப் பாத்தா. பூக்குழியைப் பாத்தா.

டாணாக்காரன் வந்தான். டக்கு டக்குன்னு பூட்ஸ் சத்தம். வந்தவன் தலைப்பாகையைக் கழட்டிக் கக்கத்துல வச்சான். "தாயி, எம்மகனுக்கும் இந்த இழுப்புத்தான். நீங்க ஏதோ நெய்யி காய்ச்சுறதாப் பண்டாரம் சொன்னாரு. ஒரு சொட்டு குடுங்க. நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்."

பேச்சி தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்தா.

சிலம்பாயி மடியில ஒரு கொட்டாங்கச்சி. அன்னைக்குத் தடவ எடுத்து வச்ச நெய்யி, அடியில ஒட்டிக் கிடந்துச்சு. இடுப்புல பிள்ளை. எதிருல தகப்பன். பிள்ளை மொகத்தை ரொம்ப நேரம் பாத்தாளாம். அப்புறம் பாதியை ஆலிலையில வழிச்சு அவன் கையில குடுத்தா.

மறுநாளே பேச்சி விதை தேடி மலையேறுனா. கிழிஞ்ச சேலையோட திரும்பி வந்து அதே பந்தலுக்குப் பின்னால ஊனுனா. இங்க பிள்ளைக்கு இழுப்பு முன்னைவிட மூர்க்கமாத் திரும்புச்சு. விதை முளைச்சு ரெண்டு இலை விட்ட அன்னைக்கு மாயக்கா இல்ல.

டாணாக்காரன் மகன் என்ன ஆனான்னு யாரும் சொல்லக் கேட்டதில்ல. சிலம்பாயி பேச்சியை ஒரு சொல்லு திட்டலையாம். அடுத்த வருசம் பூக்குழி மூட்டப் போகையில மட்டும் பந்தத்துக்கு முன்னால வந்து நின்னா. "மூட்டுறதுக்கு முந்திக் கேளுங்க"ன்னா. "யாரு வீட்டுப் பச்சையாவது உள்ள கிடக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் கல்லூத்துப்பட்டியில பூக்குழி மூட்டுறதுக்கு முந்திக் கொட்டு நின்னுரும். பூசாரி சத்தமாக் கேப்பாரு: "பச்சை கிடக்கா?"

ஆம்பளைக பதில் சொல்லக்கூடாது. பிள்ளை பெத்த ஒருத்தி இறங்கி, விறகுக்குள்ள கைவிட்டுத் தடவிப் பாத்து, "இல்ல"ன்னு சொல்லணும். அப்புறந்தான் நெருப்பு.