நோட்டில் எண்பது கிலோ

எங்கள் வீட்டு எடை மெஷின் கால் கிலோ கூட்டித்தான் காட்டும், சார். அதைக் கழித்துத்தான் நான் மனசில் வைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரருக்கு ஹீமோபீலியா. ரத்தம் சீக்கிரம் உறையாது; முட்டிக்குள் கசிந்து வீங்கும். வாரத்தில் மூன்று நாள் காலையில் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். வீட்டில் நான்தான் ஏற்றுவேன்; ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தார்கள். குத்திய இடம் ஒரு தடவைகூட வீங்கியதில்லை.

எடைக்குத் தகுந்த மருந்து. எண்பது கிலோ இருந்தபோது ஒரு வேளைக்கு நாலு பாட்டில். ஒருநாள் டாக்டர், "எடையைக் குறைச்சா முட்டி பிழைக்கும். மருந்தும் கம்மியாத்தான் பிடிக்கும்" என்றார். அவர் முட்டிக்காகச் சொன்னார். எனக்கு மருந்தைப் பற்றிச் சொன்னதுதான் காதில் நின்றது.

காரணம் இருக்கிறது. என் கொழுந்தனுக்கும் இதே நோய். ஆஸ்பத்திரிக்கு மருந்து வராத ஒரு மாதம், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவன் கையைப் பிடித்திருந்தவள் நான். என் வீட்டில் மருந்து இல்லாத நாள் என்று ஒன்று வரவே கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அறுபது கிலோவுக்கு இறங்கியதும் மூன்று பாட்டில் போதுமென்று ஆனது. முட்டி வலியும் குறைந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். மிச்சம் பிடித்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் பார்த்த எடையை நோட்டில் எழுதிக் காட்டினால் மருந்து தருவார்கள். நான் எண்பது என்றே எழுதினேன். முட்டிக்கு அலைச்சல் ஆகாது என்று சொல்லி நானே போய் வாங்கி வந்தேன்.

அவர் வீட்டிலேயே கடிகாரம் பழுது பார்ப்பவர். கை நடுங்கி, திருகாணி நழுவ ஆரம்பித்ததும் வேலையை விட்டார். காலையில் அரை தம்ளர் பால், மத்தியானம் ஒரு பிடி சோறு. சமையலறையைப் பூட்டிவைத்தேன். அவர் கண்முன்னால் நான் சாப்பிட்டதே இல்லை. வெளியே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த எண்பது கிலோ ஆளுக்காவது வயிறு நிறையப் போடுறியா?"

நானும் சிரித்தேன்.

போன வியாழக்கிழமை காலை குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். நெற்றி குழாயில் இடித்தது. தலையில் அடிபட்டால் உடனே வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிவிட்டுக் கூட்டி வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தாறு கிலோவுக்கு ஐந்து பாட்டில்.

"போட்டுடும்மா, பயமா இருக்கு" என்றார்.

ஃபிரிட்ஜில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ஐந்தை எடுத்தேன். நாலைத் திரும்ப வைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றினேன். சின்ன வீக்கம்தானே. இதற்கே கொட்டிவிட்டால், நிஜமாகவே பெரிதாக ஒன்று வரும்போது யாரிடம் போய் நிற்பது?

பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தார். மத்தியானம் பேச்சு குழறியது. பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினார், ஊசி போடுவதற்கு நீட்டுவாரே, அப்படி. "தூங்குங்க, சரியாயிடும்" என்று அந்தக் கையை மடக்கி வைத்தேன். நாலு மணிக்கு மூச்சில்லை.

பட்டினி போட்டதும் நான்தான், மருந்தை மறுத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திருடி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பாட்டில்கூட நான் விற்றதில்லை. எல்லாம் அவருக்கென்று சேர்த்தது. அவருடையதை எடுத்துச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை, சார்.