ஒலியளவு 0.05

14 அக்டோபர் 2025, செவ்வாய்

நேற்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். ஒலியளவை 0.05 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 5 என்று அடித்துவிட்டேன். நிரல் எழுதி இசை செய்யப் பழகுகிற எல்லாரும் ஒருமுறையாவது இப்படித் தவறு விடுவார்கள் என்று ஸ்டெபி அக்கா சொன்னார். பாளையங்கோட்டையில் எங்களுக்கு இதைச் சொல்லித்தருபவர் அவர்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இந்த இசையில் பாட்டை முன்கூட்டித் தயாரிப்பதில்லை. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு வரியை மாற்றி விசையைத் தட்டினால், அடுத்த சுற்றில் தாளம் நிற்காமல் மாறிவிடும். ஒரு குரலைக் கொடுத்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடலாம். என்னோடு வகுப்புக்கு வரும் மெர்வின் இதில் கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை.

எனக்குத் திக்கும். ஜெபஸ்டின் என்ற என் பெயரே எனக்கு எளிதில் வராது. ஆகஸ்டில் எங்கள் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று மெர்வின் மேடையேறினான். "ஜெ, ஜெ, ஜெஜெ" என்று ஒரு தாளம். வகுப்பின் முதல் நாள் நான் பெயர் சொன்னதைப் போனில் பதிந்து வைத்திருந்தான். பந்தலே ஆடியது. முன்வரிசையில் அப்பாவும் கைதட்டினார். அது மகனின் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏன் அப்படிச் செய்தான் என்று மறுநாள் மெர்வினிடம் கேட்டேன்.

"ஏலே, கோவப்படாதலே. இப்படி ஒரு டெம்போ எவன் வாயில இருந்து வரும்? உனக்குப் பேருதான் வரல, பீட்டு நல்லா வருதுல்லா," என்று தோளில் தட்டினான்.

அதன்பின் நானாகக் கேட்டு அவன் பக்கத்து இருக்கைக்கு மாறினேன். இருவருக்கும் ஒரே மடிக்கணினி, ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர், ஆளுக்கொரு ஹெட்போன். வகுப்புக்கு வகுப்பு நிரலில் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்தேன். சத்தம் போதவில்லை என்று மெர்வின் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் தன் கையால் கூட்டிக்கொண்டே போனான். 0.05 போதுமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்று வழக்கம்போல் எனக்குத் தயக்கம். நேற்றுப் பார்த்தேன். குமிழ் கடைசிவரை போயிருந்தது.

மிஞ்சிய சத்தத்தை அடக்குவதற்கென்று நிரலில் லிமிட்டர் வரி ஒன்று உண்டு. அதன் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். போட்டேன். என் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் அந்த 5.

அவன் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டான். காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தான். பிறகு, "லே, என்னலே பேசுத? ஒண்ணுமே கேக்கலலே," என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னான். ஸ்டெபி அக்கா வருவதற்குள் சாய்கோடுகளை அழித்துவிட்டேன்.

இன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். கேட்கவில்லை என்பதை மறைத்து, காதுக்குள் இரைச்சல்தான், போய்விடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான். இனி சபை ஆராதனையில் ஆர்கன் வாசிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிடுவாரோ என்று அவனுக்குப் பயம். அவன் அம்மா லில்லி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீதான யய்யா கூட இருந்த. நெசத்தச் சொல்லு. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவணுமா?"

"வே-வேண்டாம் டீச்சர். ஹெ-ஹெட்போன் போடுதவங்களுக்கு வாரதுதான். தானா ச-சரியாயிரும்."

"நீ சொன்னா சரி. ஒனக்குப் பொய் சொல்ல வராது."

உள்காதில் அடிபட்டால் முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். தள்ளிப்போகப் போக, கேட்கும் திறன் திரும்புகிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அசனம் முடிந்த வாரமே இதைப் படித்துவிட்டேன். நான் கொடியவன் இல்லை. மெர்வினின் காதை நான் தொட்டதுகூட இல்லை. டீச்சரையும் தடுக்கவில்லை. கேட்டார், என் கருத்தைச் சொன்னேன்.

நாளை: காலையில் டீச்சர் பள்ளிக்குக் கிளம்புமுன் போக வேண்டும். என் உதடு மெர்வினுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். டீச்சர் இருக்கும்போது அவனிடம், "சாப்பிட்டியாலே?" என்று பைய கேட்க வேண்டும். அவன் தலையாட்டுவதை டீச்சர் பார்த்தால் போதும்.